ஆழ்ந்த உளச்சிகிச்சைக்கு முன் ஒரு மதிப்பீடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். மனநோய் என்ற பேச்சை எடுத்தாலே வாயைப் பொத்திக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்ற நிலையில், ‘உளச்சிகிச்சைக்குத் தயங்காமல் செல்லுங்கள், புதைத்து வைத்திருப்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு நாளிதழ் எடுத்துச் சொல்வது, முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு மனநிறைவைத் தந்தது. ஆனால் அந்தக் கட்டுரை ஒரு படியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. ஒருவர் தம் இளமைக்கால வேதனைகளையும் உறவுகளையும் கிளறிப் பார்க்கும் ஆழ்ந்த சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன், இப்போது அவர் அதற்குத் தயாராக இருக்கிறாரா என்பதை இரண்டு மூன்று அமர்வுகளில் நிதானமாக மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடு பல இடங்களில் நடப்பதே இல்லை. நடக்கும் இடங்களிலும் சில நேரம் தவறான அளவுகோலை வைத்துக்கொண்டு நடக்கிறது.

சென்ற ஆண்டு ஓர் இளம்பெண்ணை அவருடைய அக்கா என்னிடம் அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். வேலைக்காக வேறு நகரத்தில் விடுதியில் தங்கியிருந்த அவர், தூக்கமில்லாமலும் வேலையில் கவனம் நிற்காமலும் தவித்து, அங்கே ஓர் ஆலோசனை மையத்துக்குப் போயிருக்கிறார். முதல் அமர்விலேயே அவரைக் கண்ணை மூடச் சொல்லி, சிறுவயதில் உறவினர் ஒருவரால் நேர்ந்த கொடுமையை இப்போது நடப்பதுபோல் நினைத்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். அவரும் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். நேரம் முடிந்ததும் அடுத்த வாரத்துக்கு ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு அறையில் அவருக்குத் துணை யாரும் இல்லை. விடிவதற்குள் விடுதிக் காப்பாளர் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்த மையத்தில் முதல் நாள் என்னென்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். பெயர், வயது, வேலை, கைப்பேசி எண், கட்டணம் செலுத்தும் முறை ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார்கள். யாருடன் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. இதற்கு முன் எப்போதாவது உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதினேழு வயதில் ஒருமுறை அதற்கு முயன்றதை அவர் சொல்லியிருப்பார். நான் கேட்டபோது தயக்கமின்றிச் சொன்னார். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்வதென்றால்கூட, சர்க்கரை, இரத்த அழுத்தம், இசிஜி எல்லாம் பார்த்து ‘ஃபிட்னஸ்’ வாங்கி வரச் சொல்லாமல் எந்த மருத்துவரும் கத்தியைத் தொடமாட்டார். மனத்தைத் திறப்பதற்கு மட்டும் அந்த நிதானம் வேண்டாமா?

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘கவுன்சலிங்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். தேர்வுப் பயத்துக்கு இரண்டு அமர்வுகள் பேசுவதும் கவுன்சலிங், கணவன் மனைவி தகராறில் சமரசம் செய்வதும் கவுன்சலிங், வாரம் ஒன்று அல்லது இரண்டு முறையாக ஓராண்டோ அதற்கு மேலோ நீளும் உளச்சிகிச்சையும் கவுன்சலிங். நான் இங்கே பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டுமே. அதில் சிகிச்சையாளர் புத்திமதி சொல்லமாட்டார். வருபவர் மீண்டும் மீண்டும் ஒரே விதமான உறவில், ஒரே விதமான துயரத்தில் ஏன் போய் விழுகிறார் என்பதை அவரே கண்டறியத் துணையிருப்பார். இடையில் சில வாரங்கள் நோய் கூடியதுபோல் தோன்றும். அழுகை வரும், சிகிச்சையாளர் மீதே கோபம் வரும். அதைத் தாங்கிக்கொண்டு மறு வாரமும் வந்து உட்கார முடிகிறவருக்கே அந்த வழி பயன்படும்.

இந்த முன் மதிப்பீடு புதிதாக வந்த ஒன்றல்ல. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டே, 1913ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், தமக்கு அதிகம் தெரியாத நோயாளியை முதலில் ஓரிரு வாரங்களுக்குத் தற்காலிகமாக மட்டுமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். நரம்புத்தளர்ச்சி போல் தெரிவது சில நேரம் தீவிர மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்பதும், தொடங்கிய சிகிச்சை பாதியில் தோற்றுப்போனால் அந்த ஏமாற்றம் நோயாளியைத்தான் தாக்கும் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அக்காரணங்கள் மாறவில்லை.

ஆனால் அதே பிராய்டிடம் தவறான அளவுகோலும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1904இல் வியன்னா மருத்துவர்களிடையே ஆற்றிய உரையில், ஓரளவு கல்வியும் நம்பத்தக்க குணமும் உடையவரையே இச்சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஐம்பது வயதை நெருங்கியவர்களுக்கும் கடந்தவர்களுக்கும் மனம் வளைந்து கொடுக்காது என்றும் கூறினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1919இல், அவருடைய மாணவரான கார்ல் ஆபிரகாம், நோயாளியின் வயதைவிட நோய் தொடங்கிய வயதே முக்கியம் என்று தம் அனுபவத்திலிருந்து எழுதி அதை மறுத்தார். பிராய்டும் 1918இல் புடாபெஸ்ட் நகரில் பேசியபோது, ஏழைகளுக்கும் கட்டணமின்றி இச்சிகிச்சை கிடைக்கும் நாள் வர வேண்டும் என்றார். 1920இல் பெர்லினில் அத்தகைய மருத்துவகம் ஒன்று திறக்கப்பட்டது. ஆக, யார் தயார், யார் தயாரில்லை என்ற கோட்டை அந்தத் துறையே தொடக்கம் முதல் அழித்து அழித்துத்தான் வரைந்திருக்கிறது.

எழுபதுகளில் இம்மதிப்பீட்டுக்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர்களுள் இருவரை நான் இன்றும் பின்பற்றுகிறேன். ஒருவர் பாஸ்டன் நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ். மற்றவர் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவகத்தில் பணியாற்றிய உளச்சிகிச்சையாளர் டேவிட் மாலன். சிஃப்னியோஸ் பார்க்கச் சொன்னவற்றுள் ஒன்று, வந்திருப்பவர் தம் இளமையில் ஒரே ஒருவரிடமாவது கொடுத்தும் பெற்றும் வாழ்ந்த உண்மையான உறவை அறிந்திருக்கிறாரா என்பது. இதை நான் தமிழில் இப்படிக் கேட்பேன்: “சின்ன வயதில் உங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தவர் யார்?” பெரும்பாலோர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். அம்மாச்சி, பக்கத்து வீட்டு அத்தை, ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஒரு சிலர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்படி யாரும் இல்லை” என்பார்கள். அப்படிச் சொன்னவரைத் தள்ளிவிட வேண்டும் என்று பொருளில்லை. என்னிடம் நம்பிக்கை வைப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருக்கும், அதற்கே பல மாதங்கள் ஆகும் என்று நான் தெரிந்துகொள்கிறேன்.

சிஃப்னியோஸ் வற்புறுத்திய இன்னொன்று, வலி தீர வேண்டும் என்ற ஆசைக்கும் தாம் மாற வேண்டும் என்ற விருப்பத்துக்கும் உள்ள வேறுபாடு. முதலாவது எல்லோருக்கும் இருக்கும், அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஆழ்ந்த சிகிச்சைக்கு இரண்டாவதும் வேண்டும். நம் குடும்பங்களில் இது இன்னும் சிக்கலானது. “இவனை எப்படியாவது மாற்றிக் கொடுங்கள்” என்று தந்தை கேட்டுக்கொண்டிருக்க, மகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே சிகிச்சை வேண்டுமென்று கேட்பவர் ஒருவர். செய்துகொள்ள வேண்டியவர் இன்னொருவர். தந்தையை வெளியே உட்காரவைத்துவிட்டு, “உங்களுக்கு இங்கே என்ன வேண்டும்?” என்று மகனிடம் தனியாகக் கேட்டு, அவன் சொல்லும் பதிலுக்காகக் காத்திருப்பதுதான் அன்றைய மதிப்பீட்டின் பாதி.

மாலன் சொன்ன முறை எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. முதல் சந்திப்புகளிலேயே சிறியதொரு விளக்கத்தைச் சோதனையாகச் சொல்லிப் பார்த்து, அது வருபவருக்குள் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும் என்பது அவருடைய வழி. ஜவுளிக்கடை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், முதலாளி அறைக்குக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடத்து வியர்க்கிறது என்று வந்தார். இதய மருத்துவரைப் பார்த்து எல்லாச் சோதனைகளும் முடித்திருந்தார். ஒரு குறையும் இல்லை. இரண்டாவது சந்திப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தவர், உட்காரும் முன்பே சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்து, “வண்டி லேட் மேடம், பாருங்க” என்றார். நான் மெதுவாகச் சொன்னேன்: “நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்து சாட்சியோடு வந்திருக்கிறீர்கள். முதலாளி கூப்பிடும்போதும் மனம் இப்படித்தான் ஒரு சாட்சியைத் தேடுகிறதோ?”

அவர் ஒன்றும் பேசவில்லை. டிக்கெட்டைத் திரும்ப எடுத்து இரண்டாக, நான்காக மடித்தார். பிறகு சொன்னார்: “அப்பா பால் வாங்கிட்டு வரச் சொல்வாரு. மீதிச் சில்லறையைக் கையில விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழைவேன்.” எதிரே இருக்கும் நான், கடை முதலாளி, சிறுவயதில் அப்பா என்று மூன்று முனைகளும் அந்த ஒரு வாக்கியத்தில் தாமாகவே சேர்ந்துகொண்டன. மறு வாரம் அவர், “அந்த டிக்கெட் ஞாபகம் வாரம் முழுக்க இருந்தது” என்று தொடங்கினார். ஆழ்ந்த சிகிச்சைக்கு ஒருவர் தயார் என்று நான் நம்புவது இத்தகைய தருணத்தில்தான். அதே இடத்தில் வேறொருவர், “இல்லைங்க, நிஜமாவே பஸ் லேட்டுதான்” என்று முடித்திருக்கக்கூடும். இன்னொருவர் என்னை இழிவுபடுத்திவிட்டீர்கள் என்று எழுந்து போயிருக்கக்கூடும். அவர்களுக்கும் உதவி உண்டு. ஆனால் அன்றே அந்த ஆழத்துக்கு இறங்குவது அவர்களுக்கு உதவியாகாது.

இனி, தவறான அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பணியின் மூன்றாம் ஆண்டில், பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவை மதிப்பீட்டுக்காக என்னிடம் அனுப்பினார்கள். நான் என்ன கேட்டாலும் “வயிறு எரியுதும்மா” என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார். அதற்கு ஏற்கனவே இரண்டு ஆண்டுகள் ‘கேஸ்’ மாத்திரை சாப்பிட்டிருந்தார். ‘உடற்குறைகளை மட்டுமே பேசுகிறார், உணர்வுகளைச் சொல்லத் தெரியவில்லை, பேச்சுவழிச் சிகிச்சைக்கு ஏற்றவரல்லர்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். உணர்வுகளுக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு, எழுபதுகளில் சிஃப்னியோஸ் ‘அலெக்ஸிதிமியா’ என்று பெயரிட்டிருந்தார். புதிதாகப் படித்த அந்தச் சொல்லையும் சேர்த்தே எழுதினேன்.

என் குறிப்பைப் படித்த மூத்த மனநல மருத்துவர் அந்த அம்மாவைத் திரும்ப அழைத்து, என்னையும் அருகில் உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எப்பெல்லாம் எரியுது?” அந்த அம்மா சற்று நேரம் கையிலிருந்த வாழைநாரைத் திரித்துக்கொண்டிருந்தார். “காலைல பிள்ளைக சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற நேரம். எம்மகன் இருந்தா இப்ப பத்தாவது படிப்பான்.” பெற்ற வயிறு எரிகிறது என்று நம் மொழி எத்தனை காலமாகச் சொல்லி வருகிறது! அந்த அம்மாவுக்குச் சொல் இருந்தது. அதைக் கேட்கும் காதுதான் எனக்கு இல்லாமல் போயிற்று. பின்னர் எட்டு மாதங்கள் ஒரு வாரமும் தவறாமல் வந்தார். பிள்ளை இறந்த அன்று தாம் வீட்டில் இல்லாததைப் பற்றி ஆறாம் மாதத்தில்தான் பேச முடிந்தது. படித்தவர்கள் பலரிடம் நான் காணாத துணிவை அவரிடம் கண்டேன்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஸ்கோஃபீல்ட், 1964இலேயே தம் சக சிகிச்சையாளர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பவர்கள் இளமையும் தோற்றப்பொலிவும் பேச்சுத் திறனும் அறிவும் வெற்றியும் உடையவர்கள்தாம் என்று எடுத்துக்காட்டினார். இங்கே அந்தப் பட்டியலில் ஆங்கிலத்தையும் சேர்க்க வேண்டும். ‘ஆங்சைட்டி’, ‘டிப்ரஷன்’ என்று சரளமாகச் சொல்பவர் தம்மை உள்நோக்கிப் பார்க்கத் தெரிந்தவராகவும், ‘ஈரக்குலை நடுங்குது’, ‘நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு’ என்பவர் அது தெரியாதவராகவும் எடுத்துக்கொள்ளப்படுவதை இன்றும் பார்க்கிறேன். கற்றுக்கொண்ட கலைச்சொற்களைச் சுவராக எழுப்பி, அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது சொல்வளத்தை அன்று. தம் துன்பத்தில் தமக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க அவரால் முடிகிறதா, ஒரு வேதனையை நொடி நேரமாவது விட்டு ஓடாமல் பிடித்து வைத்திருக்க முடிகிறதா என்பதைத்தான்.

மனத்தைப் பார்ப்பதோடு வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். தைராய்டு, இரத்தச்சோகை போன்றவை சோர்வாகவும் பதற்றமாகவும் வேடமிட்டு வரும் என்பதால் உடற்பரிசோதனை முதலில் முடிந்திருக்க வேண்டும். குடி நிற்காமல் இருக்கிறதா, அடி உதை இன்றும் வீட்டில் நடக்கிறதா என்று கேட்க வேண்டும். அடித்துக்கொண்டிருக்கும் கணவனின் வீட்டுக்குத் திரும்பிச் செல்லும் பெண்ணிடம் முதலில் பேச வேண்டியது அவருடைய பாதுகாப்பைப் பற்றித்தான். அடுத்த மாதம் திருமணம், இரண்டு வாரத்தில் பிரசவம் என்றிருப்பவரிடம் பழைய காயத்தைத் திறக்கத் தேவையில்லை. அமர்வு முடிந்து வீட்டுக்குப் போனால் ஒரு வாய் சாப்பாடு போட்டு அருகில் உட்கார ஒருவர் இருக்கிறாரா என்பதை நான் கேட்காமல் விட்டதே இல்லை. வன்கொடுமைக்கு ஆளானவர்களோடு வாழ்நாளெல்லாம் பணிசெய்த அமெரிக்க மருத்துவர் ஜூடித் ஹெர்மன், 1992இல், மீட்சியின் முதல் கட்டம் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கப்படுவது இரண்டாம் கட்டம் என்று வரிசைப்படுத்தினார். அந்த இளம்பெண்ணின் விஷயத்தில் இந்த வரிசைதான் தலைகீழானது.

சிகிச்சையாளரும் தயாராக இருக்க வேண்டும் என்பதை எவரும் கேட்பதில்லை. மூன்று மாதத்தில் பயிற்சி முடிந்து வேறு பிரிவுக்குப் போகப் போகிற மாணவர், ஓராண்டு ஆகக்கூடிய வேலையைத் தொடங்குவது முறையாகாது. தம்மினும் மூத்த ஒருவரிடம் தம் வேலையை வாரந்தோறும் எடுத்துச் சொல்லி வழிகாட்டுதல் பெறாதவரும் அவ்வாறே.

“இப்போதைக்கு வேண்டாம்” என்று சொல்ல நேரும்போது, அதைக் கதவடைப்பாகக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அதனால் அந்தச் சொல்லோடு, பதிலாக என்ன செய்யப் போகிறோம் என்பதையும் அதே அமர்வில் சொல்லியாக வேண்டும். தூக்கத்தைச் சீராக்குவது, தேவைப்பட்டால் மாத்திரை, அன்றாடத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஆதரவுச் சிகிச்சை, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு மதிப்பீடு. ஆதரவுச் சிகிச்சை என்பது மட்டமான சிகிச்சை என்று எண்ணுபவர்களுக்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மெனிங்கர் நிறுவனம் செய்த ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். 1954இல் தொடங்கிய அந்த ஆய்வு, நாற்பத்திரண்டு பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. 1986இல் அதன் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்ட ராபர்ட் வாலர்ஸ்டைன், ஆழமாகத் தோண்டாத ஆதரவு முறைகளாலும் எதிர்பார்த்ததைவிட அதிகமான, நிலைத்து நிற்கும் மாற்றங்கள் வந்திருப்பதாகக் கண்டார்.

ஒரு மறுப்பு எழும் என்று அறிவேன். 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வின்படி, தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில், நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை. சிகிச்சைக்கே ஆள் இல்லாதபோது மதிப்பீட்டுக்கு மூன்று அமர்வுகளா என்று கேட்பார்கள். ஆள் குறைவாக இருப்பதால்தான் அது தேவைப்படுகிறது என்பேன். பாதியில் நின்றுபோன சிகிச்சையிலிருந்து வெளியேறுகிறவர் மீண்டும் ஒரு மருத்துவரிடம் போகவே தயங்கக்கூடும். அவர் தம் வீட்டாரையும் போக விடாமல் இருக்கக்கூடும்.

வாசகர்கள் முதல் அமர்விலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: நீங்கள் மருத்துவ உளவியலாளர் எனில் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா, எனக்கு எந்த வகைச் சிகிச்சையைச் சொல்கிறீர்கள், ஏன் அது, எவ்வளவு காலம் ஆகும், இடையில் இரவில் தாங்க முடியாமல் போனால் நான் யாரை அழைப்பது? தமக்குச் சொல்லப்படும் சிகிச்சைத் திட்டத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு மனநோய்க்கு ஆளானவருக்கு அளித்திருக்கிறது. நெருக்கடி நேரத்தில், அரசின் மனநல உதவிக்கான 14416 என்ற கட்டணமில்லா எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள். மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளிப் பிரிவில், அடுத்தவர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, ஒருவர் தம் வாழ்க்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு பிற்பகலை முதல் மதிப்பீட்டுக்கென்று ஒதுக்கி, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையையும், ஒருவருக்கு முக்கால் மணி நேரத்தையும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தர வேண்டும்.

அந்த இளம்பெண் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார். ஓராண்டாகத் தூக்கம், வேலை, யாரிடம் எதைச் சொல்வது என்பவற்றைப் பற்றி மட்டுமே பேசி வந்தோம். சென்ற மாதம் கிளம்பும்போது வாசலில் நின்று, “அதைப் பத்தி இனிமே கொஞ்சம் கொஞ்சமாப் பேசலாமா மேடம்?” என்று அவரே கேட்டார். அக்காவும் ஊரில் இருக்கும் வாரமாகப் பார்த்து நாள் குறித்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ உளவியலாளர்,
மதுரை.